48 இலக்கங்களும் ஓர் அலுமினிய டப்பாவும்

போன ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் சாயங்காலம் எங்கள் தெருவில் இடி இறங்கியது. தெருக்கோடித் தென்னை கருகியதோடு போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. சார்ஜரில் செருகியபடி மேசைமேல் கிடந்த என் லேப்டாப்பும் அன்றோடு கண்ணை மூடிவிட்டது. பொத்தானை அமுக்கினால் ஒரு விளக்குகூட எரியவில்லை.

லேப்டாப் போனது பெரிய விஷயமில்லை. அதற்கும் வயதாகிவிட்டது, எனக்கும் வயதாகிவிட்டது. உள்ளே இருந்ததுதான் விஷயம்.

இங்கே தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். 1977 நவம்பர் 12 புயலைக் கண்ணால் பார்த்த நம் பக்கத்துப் பெரியவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய், அவர்கள் பேசுவதைச் சில வருடங்களாகப் பதிவு செய்து வந்தேன். மொத்தம் 26 பேர். அதில் 17 பேர் இப்போது இல்லை. உங்களில் சிலருடைய அப்பாவும் அம்மாவும் பெரியப்பாவும் அந்த 17 பேரில் உண்டு. பாதிக்குமேல் இன்னும் எழுத்தில் ஏற்றவில்லை. எல்லாம் அந்த ஒரே லேப்டாப்பில்தான் இருந்தன.

"வேறு எங்கேயும் நகல் இல்லையா?" என்று கேட்பீர்கள். இல்லை. வங்கியில் வருடக்கணக்காக "பேக்கப் எடுத்தாச்சா?" என்று அடுத்தவர்களை விரட்டிய ஆள் நான். சொந்த வேலையில் கோட்டை விட்டேன். இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

பக்கத்து ஊரில் ஒரு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். மூன்று நாள் வைத்திருந்துவிட்டு, "மதர்போர்டு போச்சு. மாத்தினால் புது லேப்டாப் விலை ஆகும். டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்லை" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது, அஸ்திக் கலசத்தைக் கொண்டுவருவது போலத்தான் இருந்தது.

நம்மூர்க் கடைத்தெருவில் செல்போன் பழுது பார்க்கும் தம்பிதான் அடுத்த நாள் அதைத் திறந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு நானும் குனிந்து பார்த்தேன். பலகையின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு, பட்டையாக, ஒரு சின்னத் தகடு. ஒரே ஒரு திருகு. அதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"சார், போர்டுதான் போயிருக்கு. இதுதான் உங்க எஸ்.எஸ்.டி. இது நல்லா இருந்தாலும் இருக்கலாம். ஒரு கேஸிங்ல போட்டுப் பாத்துரலாம்."

கேஸிங் என்றால் வேறொன்றுமில்லை. ஓர் அலுமினிய டப்பா. உள்ளே தகட்டைச் செருக ஒரு வாய், வெளியே யு.எஸ்.பி. வயர் மாட்ட ஒரு வாய். 1,400 ரூபாய். தகட்டை உள்ளே தள்ளி, மூடி, வயரைத் தன்னுடைய கணினியில் மாட்டினார். டப்பாவில் நீல விளக்கு மினுக்கென்று எரிந்தது. எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த நொடியே திரையில் ஒரு கட்டம் வந்து நின்றது. டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது, 48 இலக்க மீட்பு எண்ணைக் கொடு என்றது. வந்த மூச்சு போய்விட்டது.

அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், அன்று இரவு தூக்கம் வராமல் படுத்திருந்தபோது எனக்குள் ஓடியதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனியின் தகடு, இன்னொரு கம்பெனியின் டப்பா, மூன்றாவது கம்பெனியின் வயர், நான்காவது கம்பெனியின் கணினி. ஒன்றையொன்று முன்பின் பார்த்திராத நான்கும் ஒரு நொடியில் கைகுலுக்கிக்கொண்டன. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இது நடக்கவே நடக்காது. இந்தக் கைகுலுக்கலுக்குப் பின்னால் அறுபது வருடத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது.

ஒரு டன் எடையில் ஒரு புகைப்படம்

கணினியின் தகவலைச் சுழலும் தட்டில் எழுதிவைக்கும் முறை 1956-ல் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் சான் ஹோசே நகரில் ஐ.பி.எம். கம்பெனியின் சோதனைக்கூடத்தில், ரெனால்ட் ஜான்சன் என்பவரின் தலைமையில் உருவானது. ராமாக் என்று அந்த இயந்திரத்துக்குப் பெயர். 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளை, ஒன்றின்மேல் ஒன்றாக, நம் வீட்டு இட்லித் தட்டு அடுக்கு மாதிரி அடுக்கிச் சுழலவிட்டார்கள். எடை ஒரு டன்னுக்கு மேல். பாரந்தூக்கி வண்டியால் விமானத்தில் ஏற்றுகிற படம் ஒன்று பிரபலம்.

இவ்வளவு பெரிய உருப்படியில் எவ்வளவு தகவல் அடங்கியது தெரியுமா? 50 லட்சம் எழுத்துகள். இன்றைய கணக்கில் நாலு மெகாபைட்டுக்கும் குறைவு. பேத்தி நம் செல்போனில் எடுக்கும் ஒரு புகைப்படம் அவ்வளவு இருக்கும். என் லேப்டாப்பிலிருந்து கழற்றிய தகடு 512 ஜிகாபைட். வங்கிக்காரன் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஒரு டன் இயந்திரம் சுமார் 1,36,000 சேர்ந்தால்தான் இந்த விரல் நீளத் தகடு.

1973-ல் ஐ.பி.எம். கம்பெனியே, தட்டையும் அதைப் படிக்கும் முனையையும் ஒரே மூடிய பெட்டிக்குள் அடைத்த வகையைக் கொண்டுவந்தது. வின்செஸ்டர் என்று அதற்குப் பட்டப்பெயர். 1980-ல் சீகேட் கம்பெனி மேசைக் கணினிக்குள் பொருந்துகிற அளவில் 5 மெகாபைட் டிஸ்க் செய்தது. ஹார்ட் டிஸ்க் என்று நாம் அறிந்தது இந்த வம்சம்தான்.

இந்த வம்சத்துக்கு ஒரு குணம். பிறந்த பெட்டியை விட்டு வெளியே வராது. தகவலை வெளியே எடுத்துப்போக வேண்டுமானால் அதற்கு வேறு வாகனம் தேவைப்பட்டது.

பையில் பிளாப்பி, பீரோவில் பூஞ்சணம்

அந்த வாகனம் பிளாப்பி. 1971-ல் 8 அங்குலத்தில் பிறந்து, 1976-ல் 5.25 அங்குலமாக இளைத்து, பிறகு 3.5 அங்குலத்தில் வந்து நின்றது. கடைசி வகையில் 1.44 மெகாபைட் கொள்ளும்.

நம் நாட்டு வங்கிகளில் கணினி நுழைந்தது எப்படி என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. சி. ரங்கராஜன் தலைமையில் ரிசர்வ் வங்கி அமைத்த குழு 1984-ல் அறிக்கை தந்தது. கிளைகளில் லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வைக்கலாம் என்றது அந்த அறிக்கை. வேலை போய்விடும் என்று தொழிற்சங்கங்களில் எத்தனை வாதம், எத்தனை வாயிற்கூட்டம்! கோஷம் போட்டவர்களில் நானும் ஒருவன். அதே நான்தான் சில வருடம் கழித்துக் கிளையின் கணினிக்குப் பொறுப்பு.

அந்த நாள்களில் சாயங்காலம் கணக்கு முடித்ததும் பிளாப்பியில் நகல் எடுக்க வேண்டும். ஒரு செட் கிளையின் பீரோவில். இன்னொரு செட்டை அதிகாரி வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். கிளை தீப்பிடித்தாலும் கணக்கு பிழைக்கட்டும் என்ற ஏற்பாடு. டிபன் கேரியரோடு பிளாப்பிப் பெட்டியும் என் பையில் தினமும் பயணம் செய்தது.

நம் கடற்கரை ஈரக்காற்றில் பிளாப்பிக்குப் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு மார்ச் மாதம் நகலிலிருந்து கணக்கை மீட்கப்போய், மூன்றாவது பிளாப்பியில் "படிக்க முடியவில்லை" என்று வந்து நின்றது. அன்று இரவு நான்கு பேர் உட்கார்ந்து வவுச்சரைப் பார்த்து ஒரு நாள் கணக்கு முழுவதையும் கையால் திரும்ப ஏற்றினோம். விடிகாலை டீ குடிக்கப்போனபோது மேலாளர் சொன்னார்: "இனிமே ரெண்டு செட் பத்தாதய்யா, மூணு செட் எடு." அந்த வார்த்தையைத்தான் ஓய்வு பெற்றபின் மறந்துவிட்டேன்.

பெரிய டிஸ்க்கையே வெளியே வைத்துக்கொள்ளும் முறை அப்போதும் இல்லாமலில்லை. 1986-ல் ஆப்பிள் கம்பெனி தன் மாக்கின்டாஷுக்கு 20 மெகாபைட் வெளி டிஸ்க் ஒன்றை விற்றது. ஸ்கஸி என்னும் இணைப்பு முறை. விரல் தடிமனில் வயர். ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் வைக்க வேண்டும், இரண்டு கருவிக்கு ஒரே எண் வந்தால் இரண்டும் வேலை செய்யாது. சங்கிலியின் கடைசியில் டெர்மினேட்டர் என்று ஒரு முளை அடிக்க வேண்டும். கணினி ஓடும்போது வயரைப் பிடுங்கினால் தொலைந்தது. மின்சாரத்துக்குத் தனிப் பிளக். இதெல்லாம் தெரிந்த ஆள் கூடவே இருந்தால்தான் ஆகும்.

பரோடாவிலிருந்து போன பொறியாளர்

இந்த வயர்க் காட்டைச் சுத்தம் செய்தவர்களில் முக்கியமானவர் அஜய் பட். பரோடாவில் வளர்ந்து, அங்கே மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்கா போய் 1990-ல் இன்டெல் கம்பெனியில் சேர்ந்தவர். வீட்டில் பிரின்டரை மாட்டுவதற்குள் மனைவியும் மகளும் படும் பாட்டைப் பார்த்துத்தான் இந்த எண்ணம் வந்ததாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சுவரில் பிளக் மாட்டுவதுபோல எந்தக் கருவியையும் கணினியில் மாட்ட முடியாதா என்பதுதான் கேள்வி.

காம்பாக், டெக், ஐ.பி.எம்., இன்டெல், மைக்ரோசாஃப்ட், என்.இ.சி., நார்டெல் என்று ஏழு கம்பெனிகள் 1994-ல் கூடி வேலையைத் தொடங்கின. 1996 ஜனவரியில் யு.எஸ்.பி.யின் முதல் விதிமுறை வெளிவந்தது. இன்டெல் அதற்குக் காப்புரிமைக் கட்டணம் கேட்காமல் திறந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றானதால்தான் 1,400 ரூபாய் டப்பா நம்மூர்க் கடைக்கு வந்தது.

யு.எஸ்.பி. முளையை முதல் தடவையில் சரியாகச் செருகியவர்கள் உலகத்தில் உண்டா தெரியவில்லை. திருப்பித் திருப்பிப் பார்ப்போம். இதற்கும் பட் பதில் சொல்லியிருக்கிறார். இரண்டு பக்கமும் செருகும்படி செய்திருந்தால் கம்பியும் சுற்றும் இரட்டிப்பாகி விலை ஏறியிருக்கும், விலை ஏறினால் கம்பெனிகள் ஏற்றிருக்காது என்றார். எந்தப் பக்கமும் செருகலாம் என்கிற டைப்-சி முளை 2014-ல்தான் வந்தது.

1998-ல் ஆப்பிள் தன் ஐமேக் கணினியிலிருந்து பிளாப்பியையே நீக்கிவிட்டு யு.எஸ்.பி.யை மட்டும் நம்பியது. அந்தக் காலத்தில் அதன் வேகம் நொடிக்கு 12 மெகாபிட்தான். என் புயல் பதிவுகள் மொத்தம் 60 ஜிகாபைட் இருக்கும். அந்த வேகத்தில் நகல் எடுத்தால் காலையில் தொடங்கி நள்ளிரவு தாண்டும். 2000-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அரை மணி. 2008 நவம்பரில் வந்த மூன்றாம் பதிப்பில், அதாவது துளைக்குள் நீல நிறம் தெரியுமே அதில், சில நிமிடங்கள்.

சுழலாத டிஸ்க்

வயர் இப்படி வளர்ந்துகொண்டிருந்தபோது, டிஸ்க் வேறொரு நாட்டில் வேறு பிறவி எடுத்துக்கொண்டிருந்தது.

ஜப்பானில் தோஷிபா கம்பெனிப் பொறியாளர் ஃபுஜியோ மசுவோகா. மின்சாரம் நின்றாலும் மறக்காத சிலிக்கான் நினைவகத்தை 1984-ல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் அறிவித்தார். ஒரே வீச்சில் ஒரு பகுதி முழுவதையும் அழிக்கும் அதன் குணம் கேமராவின் பளிச்சென்ற வெளிச்சத்தை நினைவூட்டுகிறது என்று சக பொறியாளர் ஒருவர் சொல்ல, ஃபிளாஷ் என்று பெயர் நிலைத்தது. 1987-ல் நான்ட் என்னும் மலிவான, அடர்த்தியான வகையையும் அவர் குழு கொண்டுவந்தது. இன்றைய செல்போன், மெமரி கார்டு, எஸ்.எஸ்.டி. எல்லாம் அந்த வகைதான்.

வேலை செய்யும் விதம் இதுதான். ஒவ்வொரு நுண்ணிய அறையிலும் எலக்ட்ரான்களை அடைத்து, சுற்றிலும் மின்சாரம் கடத்தாத சுவர் எழுப்பிவிடுகிறார்கள். குளத்தில் தண்ணீரை விட்டு மதகைச் சாத்துவது மாதிரி. மின்சாரம் போனாலும் தண்ணீர் அங்கேயே நிற்கும். ஆனால் எந்தக் கரையிலும் கொஞ்சம் கசிவு உண்டு. திறந்து திறந்து மூடினால் மதகும் தேயும். இந்த இரண்டையும் நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

கண்டுபிடித்தவருக்கு என்ன கிடைத்தது? உரிய வெகுமதி தரவில்லை என்று மசுவோகா 2004-ல் தன் பழைய கம்பெனிமேல் வழக்குப் போட்டார். 2006-ல் 8.7 கோடி யென்னுக்குச் சமரசம் ஆனது. உலகம் முழுவதும் சட்டைப்பைக்குள் அவர் கண்டுபிடிப்பு இருக்கிறது. எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

ஃபிளாஷைக் கொண்டு ஹார்ட் டிஸ்க் போலவே நடிக்கும் ஒன்றைச் செய்தவர்களில் முந்தியவர்கள் சான்டிஸ்க் கம்பெனியார். 1988-ல் எலி ஹராரி, கான்பூரில் பிறந்த சஞ்சய் மெஹ்ரோத்ரா, ஜாக் யுவான் ஆகிய மூவரும் தொடங்கியது. 1991-ல் ஐ.பி.எம்.முக்காக 20 மெகாபைட் எஸ்.எஸ்.டி. ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். விலை சுமார் 1,000 டாலர். அந்த விலைக்கு யார் வாங்குவார்கள்? எஸ்.எஸ்.டி. சாமானியர் வீட்டுக்கு வர மேலும் இருபது வருடம் ஆயிற்று.

யு.எஸ்.பி.யும் ஃபிளாஷும் முதலில் கைகோத்தது பென் டிரைவில்தான். 2000-ல் சிங்கப்பூரின் டிரெக் கம்பெனி ஒன்றையும், இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் செய்து ஐ.பி.எம். விற்ற 8 மெகாபைட் வகை ஒன்றையும் உலகம் பார்த்தது. எட்டு மெகாபைட்! ஐந்து பிளாப்பி ஒரு சாவிக்கொத்தில். பிளாப்பியின் கதை அத்தோடு முடிந்தது.

டப்பாவுக்குள் இருக்கும் துபாஷி

இனி டப்பாவுக்கு வருவோம். லேப்டாப்புக்கென்று 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க்கை 1988-ல் அமெரிக்காவில் பிரெய்ரிடெக் என்ற கம்பெனி செய்தது. அந்த அளவே உலக வழக்கமாகிவிட்டது. லேப்டாப்பை மாற்றும்போதெல்லாம் பழைய டிஸ்க் ஒன்று மிச்சமாகும். தூக்கிப்போட மனம் வராது. அதை ஒரு பெட்டியில் போட்டு யு.எஸ்.பி.யில் மாட்டினால் என்ன என்ற யோசனையில் பிறந்ததுதான் கேஸிங்.

டிஸ்க் பேசும் பாஷை வேறு, யு.எஸ்.பி. பேசும் பாஷை வேறு. இரண்டுக்கும் நடுவே டப்பாவுக்குள் விரல்நகம் அளவில் ஒரு சில்லு இருக்கிறது. பிரிட்ஜ் என்பார்கள். அந்தக் காலத்தில் கம்பெனிக் கப்பலில் வந்த வெள்ளைக்காரனுக்கும் நம் கடற்கரை வியாபாரிக்கும் நடுவே துபாஷி நிற்பாரே, அந்த உத்தியோகம்தான். டப்பாவில் நல்லது கெட்டது என்பதெல்லாம் பெரும்பாலும் இந்தத் துபாஷியின் தரம்தான்.

முதலில் மின்சாரப் பிரச்சினை. பழைய யு.எஸ்.பி. வாய் 500 மில்லி ஆம்பியர்தான் தரும். சுழலும் டிஸ்க் முதல் சுற்றுக்கே அதைவிட அதிகம் கேட்கும். "கிளிக், கிளிக்" என்று முனகிவிட்டு நின்றுவிடும். அதனால்தான் அந்தக் காலத்து கேஸிங்கில் ஒரு வயருக்கு இரண்டு முளை. மேசைக் கணினியின் 3.5 அங்குல டிஸ்க் 12 வோல்ட் கேட்கும், அதற்குத் தனி அடாப்டரே வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதற்கு ஒன்றுமில்லாததால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. மூன்றாம் பதிப்பு 900 மில்லி ஆம்பியர் தந்ததும் உதவியது.

அடுத்தது வரிசைப் பிரச்சினை. பழைய முறையில் துபாஷி ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் வாங்குவார். முடித்துக் கொடுத்தபின்தான் அடுத்தது. ஒரே கவுன்டர், ஒரே டோக்கன். சுழலும் டிஸ்க்குக்கு அதுவே போதும், அதுவே மெதுவான ஆள். எஸ்.எஸ்.டி.யோ பத்து டோக்கனை ஒரே நேரத்தில் முடிக்கக்கூடியது. அதற்காக யு.ஏ.எஸ்.பி. என்று புது முறை வகுத்தார்கள். டப்பாவின் அட்டையில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பிறகு டிஸ்க்கே உருமாறியது. என்.வி.எம்.இ. என்னும் புதிய பாஷை 2011-ல் வகுக்கப்பட்டது. எம்.2 என்னும் பட்டைத் தகடு வடிவம் அடுத்த சில வருடங்களில் வந்தது. தகட்டின்மேல் 2280 என்று போட்டிருந்தால் அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் 80 மில்லிமீட்டர் என்று அர்த்தம். பழைய சாட்டா பாஷை பேசும் எம்.2 தகடும் உண்டு, என்.வி.எம்.இ. பேசும் எம்.2 தகடும் உண்டு. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒன்றின் டப்பாவில் மற்றொன்று வேலை செய்யாது. கடையில் இரண்டுக்கும் பொருந்தும் டப்பா கேட்டு வாங்கினால் குழப்பமில்லை. என்.வி.எம்.இ. தகடு சூடாகும். டப்பாவை அலுமினியத்தில் செய்வது அழகுக்காக இல்லை, சூட்டை வெளியே தள்ளத்தான்.

சில எச்சரிக்கைகள்

குளத்தையும் மதகையும் நினைவில் வைக்கச் சொன்னேன். எஸ்.எஸ்.டி.யைப் பத்திரம் என்று நினைத்து அலமாரியில் வருடக்கணக்காகப் பூட்டி வைக்காதீர்கள். மின்சாரம் இல்லாமல் கிடந்தால் கசிவு உண்டு. நிறைய எழுதித் தேய்ந்த தகட்டில், நம்மூர் வெயிலில், அது இன்னும் விரைவாக நடக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை மாட்டி, கோப்புகளைத் திறந்து பாருங்கள். வருடக்கணக்கில் சும்மா கிடக்கப்போகும் நகலுக்குப் பழைய சுழலும் டிஸ்க்கே மேல்.

வயரைப் பிடுங்குவதற்கு முன்னால் "பாதுகாப்பாக நீக்கு" என்பதை அமுக்குங்கள். எழுதி முடிக்காத வரி துபாஷியின் கையில் இருக்கக்கூடும்.

இப்போதைய மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் தகடு தனியாக இல்லை, பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். அதற்கு எந்த டப்பாவும் உதவாது. வாங்கும்போதே கேளுங்கள்.

கடைசியாக, பூட்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

48 இலக்கங்கள்

விண்டோஸில் பிட்லாக்கர் என்று ஒரு பூட்டு இருக்கிறது. லேப்டாப்பைத் திருடினாலும் டிஸ்க்கைப் படிக்க முடியாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் டிஸ்க்கைக் கழற்றி டப்பாவில் போட்ட நம்மையும் அது திருடனாகத்தான் பார்க்கிறது. மீட்பு எண் தெரிந்தால்தான் கதவு திறக்கும்.

பெங்களூரில் இருக்கும் மகனுக்குப் போன் செய்தேன். இணையக் கணக்கில் எண் இருக்கும் என்றான். அந்தக் கணக்குக்கோ என் பழைய செல்போன் நம்பர் கொடுத்திருந்தேன், அது கைவிட்டு இரண்டு வருடம். உள்ளே போக முடியவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பா, லேப்டாப் வாங்கின அன்னிக்கு நான் போன்ல ஒரு நம்பர் வாசிச்சேனே, எழுதிக்கச் சொன்னேனே?" என்றான்.

எனக்கு ஞாபகமே இல்லை. அடுப்படியிலிருந்து என் மனைவிதான் எட்டிப் பார்த்தாள். "என்னங்க, நீங்க வாசலுக்குப் போயிட்டீங்க. நான்தான் எழுதினேன். பால் கணக்கு நோட்டுல இருக்கும்."

பரணிலிருந்து பழைய நோட்டுகளை இறக்கினோம். 2020-ஆம் வருட நோட்டில், பால் பாக்கிக்கும் மளிகைச் சீட்டுக்கும் நடுவே, ஆறு ஆறு இலக்கமாக எட்டு வரிசை. மேலே "தம்பி சொன்ன நம்பர்" என்று தலைப்பு. நோட்டோடு கடைக்கு ஓடினேன். தட்டச்சு செய்தோம். தவறான எண் என்று வந்தது. இன்னொரு முறை. தவறு.

அவள் கையெழுத்தில் ஒன்றும் ஏழும் ஒரே மாதிரி இருக்கும். எண்ணிப் பார்த்தேன், சந்தேகத்துக்குரியவை ஒன்பது இடங்கள். ஒன்பது இடத்தையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதென்றால் 512 வகை. மறுபடி மகனுக்குப் போன். அவன் ஒரு வார்த்தை சொன்னான்: "அப்பா, ஒவ்வொரு ஆறு இலக்கமும் 11-ஆல மீதியில்லாம வகுபடும். அப்படித்தான் அந்த நம்பரை உண்டாக்கறாங்க."

இது போதாதா ஒரு கணக்குப் பிள்ளைக்கு! உதாரணத்துக்கு 417285 என்று ஒரு தொகுதியை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுவிட்டு ஒன்று கூட்டினால் 4, 7, 8 சேர்ந்து 19. மற்றவை 1, 2, 5 சேர்ந்து 8. வித்தியாசம் 11. எண் சரி. நடுவிலுள்ள ஏழை ஒன்று என்று படித்திருந்தால் 13-க்கும் 8-க்கும் வித்தியாசம் 5. தப்பு. கடைக் கவுன்டர்மேல் நோட்டை விரித்து, எட்டுத் தொகுதியையும் பென்சிலால் சரிபார்த்தேன். இரண்டு தொகுதி உதைத்தது. ஒன்றில் ஒன்றை ஏழாக்கினேன், மற்றொன்றில் ஏழை ஒன்றாக்கினேன். எட்டும் வகுபட்டன.

தம்பி தட்டச்சு செய்தார். பூட்டின் படம் மறைந்தது. மஞ்சள் நிறக் கோப்புறைகள் வரிசையாக வந்து நின்றன. முதலாவதைத் திறந்து காதில் வைத்தோம். அக்கரைப்பேட்டைப் பெரியவர் ஒருவர் இருமிவிட்டுப் பேசத் தொடங்கினார். காற்று அடித்த அடியில் ஓட்டு வீட்டின் ஓடுகள் பறவைக் கூட்டம் போலப் போனதை அவர் சொல்லும் இடம் வந்ததும், கடைத் தம்பி மற்ற வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். அவர் பிறந்ததே அந்தப் புயலுக்கு இருபது வருடம் கழித்து.

26 பதிவுகளும் நன்றாக இருந்தன. இப்போது மூன்று செட் இருக்கிறது. ஒன்று அலுமினிய டப்பாவில் என் மேசையில், ஒன்று சுழலும் டிஸ்க்கில் பீரோவில், ஒன்று பெங்களூரில். அன்று விடிகாலை டீக்கடையில் மேலாளர் சொன்ன கணக்குதான். 48 இலக்கத்தைத் தனித் தாளில், ஏழுக்குக் குறுக்குக்கோடு போட்டு, வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன்.

இறந்துபோன 17 பேரின் வீடுகளுக்கும் ஆளுக்கொரு பென் டிரைவில் அவரவர் பதிவைக் கொண்டுபோய்க் கொடுத்து வருகிறேன். இதுவரை 11 வீடு முடிந்தது. கீழத்தெருவில் ஓர் அம்மாள் தன் தாயாரின் குரலைக் கேட்டுவிட்டு, "நடுவுல ஒரு கோழியை விரட்டறாங்க பாருங்க, அதை மட்டும் இன்னொரு தடவை போடுங்க" என்றார். மூன்று தடவை போட்டோம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் செத்துப்போன லேப்டாப்போ பழைய கணினியோ இருக்கலாம். பழைய இரும்பு வாங்குகிறவரிடம் போடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். 2.5 அங்குல டிஸ்க்குக்கு ஒன்று, எம்.2 தகட்டுக்கு ஒன்று என்று என்னிடம் இரண்டு டப்பா இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குமேல் வீட்டில்தான் இருப்பேன். டிஸ்க்கோடு, பழைய பால் கணக்கு நோட்டு இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.